கஞ்சா: சொல் விளக்கம் (மரிஜுவானா, ஹெம்ப், பாங்கு எல்லாம் சேர்த்து)

"அமெரிக்காவுல மரிஜுவானா லீகல் ஆயிடுச்சு", "தாய்லாந்துல கன்னாபிஸ் கடைக்கு புது கட்டுப்பாடு", "உத்தரகாண்ட்ல சணல் வளர்க்க லைசென்ஸ்". தமிழ்ல இப்படி வர்ற மூணு செய்தியும் ஒரே செடியைப் பத்தினதுதான், ஆனா படிக்கிறவங்களுக்கு மூணும் வேற வேற பொருள்னு தோணும், முதல் ரெண்டும் ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம், மூணாவது சாக்குப் பை தைக்கிற நார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறிட்டே இருக்கிற நேரத்துல இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்ல, ஏன்னா எந்தச் சொல்லுக்குள்ள செடியோட எந்தப் பாகம் அடங்குதுங்கிறதை வெச்சுத்தான் ஒருத்தருக்கு ஜாமீன் கிடைக்குமா கிடைக்காதான்னே முடிவாகுது.

முதல்ல நம்ம சொல். கஞ்சா சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, இந்தியில காஞ்சா, வங்காளத்துலயும் அதேதான். நாம குடிக்கிற கஞ்சிக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. தமிழ் அகராதிகள்ல துளசி, நாய்த்துளசின்னு பொருள் சொல்ற 'குல்லை'ங்கிற சொல்லுக்கு கூடவே கஞ்சான்னும் ஒரு பொருள் போட்டிருப்பாங்க, அதனால "குல்லைதான் தூய தமிழ், அதையே எழுதணும்"னு சிலர் சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. சங்கப் பாட்டுல குல்லை வர்ற இடங்கள்ல அது துளசி வகையா வேற செடியான்னு பாத்துத்தான் பொருள் சொல்லணும், அதைப் போய் போலீஸ் செய்தியில போட்டா ரெண்டுமே கெட்டுப் போகும். சித்த மருத்துவத்துல கோரக்கர் மூலின்னு ஒரு பேர் உண்டு, அது வைத்தியர்கள் புழங்குற பேர், அங்கேயே இருக்கட்டும். பேச்சுல, பேப்பர்ல, கோர்ட்டுல எல்லா இடத்துலயும் நிக்கிற சொல் கஞ்சாதான், அதுவே நல்ல தமிழ். ஈழத்துல பாருங்க, யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் செய்தியில "கேரள கஞ்சா"ன்னே எழுதுவாங்க, கடல் வழியா இந்தியாவுல இருந்து வர்ற சரக்குக்கு அங்க நிலைச்சுப் போன பேர் அது.

இந்தச் சொல் நம்ம ஊரோட நிக்கல. 1845-ல இருந்து இந்தியாவுல ஆள் பிடிச்சு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா ஜமைக்காவுக்கு கொண்டு போனாங்க இல்லையா, அவங்களோட செடியும் போச்சு, பேரும் போச்சு. இன்னைக்கும் ஜமைக்காவுல அதுக்குப் பேர் 'கான்ஜா'. அங்க 1913-லயே தடை வந்துடுச்சு, ரஸ்தஃபாரிங்கிற மதப் பிரிவு மக்கள் அதை வழிபாட்டுப் பொருளா வெச்சிருந்ததால பல தலைமுறையா போலீஸ்கிட்ட அடி வாங்கினாங்க, 2015-லதான் சட்டத்தைத் திருத்தி 2 அவுன்ஸ் வரைக்கும் கையில வெச்சிருந்தா கைது இல்ல, அபராதச் சீட்டு மட்டும், ஒரு வீட்டுக்கு 5 செடி, ரஸ்தஃபாரிகளுக்கு வழிபாட்டு உரிமைன்னு கொண்டு வந்தாங்க. கூலியாப் போனவங்க கொண்டு போன ஒரு சொல் இன்னொரு நாட்டு மக்களோட உரிமைப் போராட்டத்துச் சொல்லா மாறி நிக்குது, இதைப் பத்தி தமிழ்ல யாராவது விரிவா எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

மரிஜுவானா கதை வேற. இது மெக்சிகோ ஸ்பானிஷ் சொல், 'மரியா ஹுவானா'ங்கிற பெண் பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, ஆனா மூலம் இதுதான்னு யாரும் நிரூபிக்கல. அமெரிக்க மருந்துக் கடைகள்ல கன்னாபிஸ்ங்கிற பேர்ல மருந்தா வித்துட்டு இருந்த அதே பொருளை, 1930கள்ல போதைத் தடுப்புத் துறைத் தலைவரா இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர் மாதிரி ஆட்கள் திரும்பத் திரும்ப மரிஜுவானான்னே சொல்லி, மெக்சிகோக்காரங்க கொண்டு வந்த ஆபத்துங்கிற பயத்தை பரப்பினாங்க. 1937-ல மரிஜுவானா வரிச் சட்டம் வந்துச்சு, 1970-ல மத்திய சட்டம் இதை ஹெராயினோட சேத்து முதல் அட்டவணையில, அதாவது ரொம்பக் கடுமையான தடைப் பட்டியல்ல, வெச்சுது. அப்புறம் 1996-ல கலிஃபோர்னியா மருத்துவத்துக்கு அனுமதிச்சுது, 2012-ல கொலராடோவும் வாஷிங்டனும் பெரியவங்க பயன்பாட்டுக்கே ஓட்டுப் போட்டுத் திறந்துச்சு. அதனால "அமெரிக்காவுல லீகல்"ங்கிறதே அரைகுறை வாக்கியம், எந்த மாநிலம்னு சேத்து எழுதணும். இதே வாஷிங்டன் மாநிலம் 2022-ல தன் சட்டப் புத்தகத்துல மரிஜுவானான்னு இருந்த இடத்தையெல்லாம் கன்னாபிஸ்னு மாத்த ஒரு சட்டமே போட்டுச்சு, அந்தச் சொல்லுக்குப் பின்னாடி இருக்கிற இனவெறி வரலாறுதான் காரணம். அப்படி அவங்களே ஒதுக்குற சொல்லை நாம எதுக்கு ஸ்டைலா எடுத்துட்டு வரணும்? கன்னாபிஸ் கிரேக்கத்துல இருந்து வந்த தாவரவியல் பேர், கப்பல் பாய்க்கும் ஓவியத்துக்கும் பயன்படுற கேன்வாஸ் துணியோட பேரும் அதுல இருந்து பிறந்ததுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தியாவுல 1985-ல வந்த போதைப்பொருள் சட்டம், எல்லாரும் என்.டி.பி.எஸ்.னு சொல்றது, அதுல கஞ்சாவுக்கு ஒரு வரையறை இருக்கு: செடியோட பூத்த அல்லது காய்த்த நுனிக்கொத்து. நுனியோட சேராம தனியா இருக்கிற இலையும் விதையும் அதுல வராது. பிசின் தனி, அதுக்குப் பேர் சரஸ். தனி இலை கஞ்சா ஆகாதுங்கிறதாலதான், இலையை அரைச்சு செய்யற பாங்கு தப்பிச்சுது, வாரணாசியிலயும் ஜெய்சல்மர்லயும் அரசு அனுமதி போர்டு மாட்டின பாங்கு கடை இருக்கே, அது ஓட்டை இல்ல, சட்டத்தோட சொல்லே விட்ட வழி. 1961 ஐ.நா. ஒப்பந்தத்துலயும் இலையையும் விதையையும் இதே மாதிரிதான் விலக்கி வெச்சிருக்காங்க.

வழக்குல இது எப்படி வருதுன்னா, 1 கிலோவுக்குக் கீழ இருந்தா சிறு அளவு, ஒரு வருஷம் வரை சிறை, இல்லன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். அதுக்கு மேல போனா 10 வருஷம் வரை. 20 கிலோவைத் தாண்டினா வணிக அளவு, குறைஞ்சதே 10 வருஷம், 20 வருஷம் வரை போகலாம், ஜாமீன் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். அப்ப மூட்டையில காம்பு, இலை, விதை எல்லாத்தையும் சேத்து எடை போட்டு 21 கிலோன்னு எழுதினா ஒரு கதை, நுனிக்கொத்தை மட்டும் எடை போட்டா வேற கதை, இதை வெச்சே ஜாமீன் மனுக்கள்ல வாதம் நடக்குது. "இலைதானே, தப்பில்ல"ன்னு நினைச்சு யாரும் தொட்டியில செடி வெச்சுடாதீங்க, செடி வளர்க்கிறதே தனிக் குற்றம், அதுக்கு 10 வருஷம் வரை தண்டனை இருக்கு.

ஹெம்ப்ங்கிறதுதான் தமிழ்ல ரொம்ப மோசமா அடிபட்ட சொல். அகராதியில ஹெம்ப்னா சணல்னு இருக்கும், ஆனா நம்ம பேச்சுல சணல்னா கோணிப்பைக்கு ஆகுற ஜூட், அது வேற செடி. வயல்ல பசுந்தாள் உரத்துக்கு விதைச்சு மடக்கி உழுவோமே சணப்பை, அது இன்னொரு செடி, பயறு வகைக் குடும்பம். இந்த ரெண்டுக்கும் எந்த அனுமதியும் வேண்டாம். உத்தரகாண்ட் 2018-ல லைசென்ஸ் கொடுக்க ஆரம்பிச்சது நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற, போதை தர்ற டி.ஹெச்.சி. 0.3 சதவீதத்துக்குள்ள இருக்கிற கஞ்சாச் செடிக்கு. "சணல் வளர்க்க அரசு அனுமதி"ன்னு தலைப்பு போட்டா தஞ்சாவூர் விவசாயிக்கு என்னதான் புரியும்?

தாய்லாந்துக்காரங்க இதுல தெளிவா இருக்காங்க. போதைச் செடிக்கு அவங்க சொல்றது 'கஞ்சா'வேதான், இந்தியாவுல இருந்து போன சொல், நாருக்கானதுக்கு 'கஞ்சோங்'. ஒரே வேர்ல ரெண்டு சொல். அதே மாதிரி நமக்கு 'நார்க்கஞ்சா'ன்னு ஒரு சொல் போதும்னு நினைக்கிறேன், செடி எதுன்னும் தெரியும், எதுக்குன்னும் தெரியும். ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு எல்லாம் உணவா விக்கலாம்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல விதி போட்டுச்சு, அதையும் 'கஞ்சா விதை எண்ணெய்'னு நேரா எழுதலாம், பயப்பட ஒண்ணுமில்ல, விதை சட்டத்துலயே விலக்கு. டாக்டர் சீட்டோட கிடைக்கிற ஆயுர்வேத இலை மருந்துல 'விஜயா'ன்னு போட்டிருப்பாங்க, அதுவும் இதே செடியோட இலைதான். தீராத வலிக்காக வாங்கறவங்களுக்கு மருந்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கு, அதனால அடைப்புக்குறியில கஞ்சா இலைன்னு தமிழ்ல போட்டே ஆகணும்.

தாய்லாந்து சட்டமும் மறுபடி மாறிடுச்சுங்கிறதைச் சொல்லிடறேன். 2022 ஜூன்ல போதைப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, தெருவுக்குத் தெரு கடை வந்துச்சு, 2025 ஜூன்ல பூவுக்கு மருத்துவச் சீட்டு வேணும்னு திரும்ப இறுக்கிட்டாங்க. பாங்காக்ல இருந்து வர்றவங்ககிட்ட சென்னை ஏர்போர்ட்ல பிடிபடுறதை பேப்பர்ல "ஹைட்ரோபோனிக்", "உயர்ரக கஞ்சா"ன்னு எழுதுறாங்க. மண்ணில்லாம தண்ணியில வளர்த்ததுன்னுதான் அதுக்கு அர்த்தம், சட்டத்துக்கு அதுவும் வெறும் கஞ்சாதான், அங்க கடையில பில் போட்டு வாங்கியிருந்தாலும் இங்க இறங்கினா அதே பிரிவு, அதே கிலோ கணக்கு.