மலையேறும் குழுவுக்கு ஒரு ராணுவ ஆணை

மாசி பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அடுக்ககச் சங்கத்தினர், ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள், பழைய கல்லூரி நண்பர்கள் என்று வெள்ளியங்கிரிக்குக் கூட்டமாகப் போகிறவர்கள். "சார், நீங்கள் ராணுவத்தில் இருந்தவர். அதே கட்டுப்பாட்டோடு எங்களையும் ஏற்றி இறக்க வேண்டும்" என்பார்கள். விசில், ஒரே நிறச் சட்டை, அதட்டல் இவைதான் அவர்கள் மனத்தில் உள்ள ராணுவம். காலாட்படையிலிருந்து ஓய்வு பெற்று, மலைக்குப் போகும் குழுக்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துவரும் நான் அங்கிருந்து எடுத்துவர விரும்புவது வேறொன்று. எதற்காகப் போகிறோம், தலைவர் பக்கத்தில் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்பது வரிசையின் கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராணுவ ஆணைக்கு ஒரு வடிவம் உருவானதே அதற்காகத்தான்.

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து போகிற பாதை அது. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதிக்கிறது. வெயிலுக்கு அஞ்சிப் பலரும் இரவில் ஏறுகிறார்கள். தொடக்கத்திலேயே செங்குத்தான படிகள், மேலே போகப் போகக் குளிர், காற்று. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறார்கள். ஆனாலும் நெஞ்சுவலியிலும் மூச்சுத்திணறலிலும் பக்தர்கள் இறந்த செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கூட்டத்தோடு போகிறவர் "எனக்கு முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார். என் கவலையெல்லாம் அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான்.

பல நாட்டுப் படைகளிலும் ஆணைக்கு ஐந்து பகுதிகள் உண்டு. நிலவரம், பணி, செயல்படுத்தும் முறை, நிர்வாக ஏற்பாடு, தலைமையும் தகவல் தொடர்பும். எங்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். களைத்த மூளைக்கும் எது எங்கே வரும் என்று தெரிந்திருக்கும்.

நிலவரம் என்றால் வானிலை மட்டும் இல்லை. மலை திறந்திருக்கும் மாதங்கள்தான் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. தீ, யானை நடமாட்டம், மழை பற்றி வனத்துறை அன்று காலை என்ன சொல்கிறது என்பதைக் கேட்காமல் யாரும் அடியெடுத்து வைக்கக் கூடாது.

பணி என்பது ஒரே வாக்கியம். எங்கள் படையில் அதை இரண்டு முறை வாசிப்போம். குழுக்களை எழுதச் சொன்னால் "ஏழாவது மலையில் சுயம்பு லிங்கத்தைத் தரிசிப்பது" என்றுதான் எழுதுவார்கள். நான் அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்வேன்: "நாளை பகல் 12 மணிக்குள் அனைவரும் நலமாக அடிவாரம் திரும்புவது; இயன்றவர்கள் தரிசனம் செய்வது." இந்த மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மூன்றாவது மலையில் திரும்புகிறவர் தோற்றவர் ஆகமாட்டார். அவரும் பணியை முடித்தவர்தான்.

கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே தலைவர் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், மீதியைக் கீழே இருப்பவர்களுக்கு விட வேண்டும் என்று ராணுவத்தில் ஒரு விதி உண்டு. அதனால்தான் முழு ஆணைக்கு முன்பே வார்னிங் ஆர்டர் என்ற முன்னறிவிப்பு ஆணை போய்விடும். மலைக்கும் அப்படியே. தேதி, கூடும் இடம், மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனை, தினமும் படியேறிப் பழக வேண்டும் என்ற குறிப்பு. இவை வாட்ஸ்அப்பில் முந்தின இரவு வந்து பயனில்லை.

ஆணையைப் படித்துக் காட்டுவதற்கு ராணுவத்தில் போகும் நிலப்பகுதியின் மாதிரியைத் தரையில் மணலால் செய்வோம். அண்மையில் ஓர் அடுக்ககத்தின் வாகன நிறுத்துமிடத்தில் அதைச் செய்தோம். கட்டட வேலையில் மிஞ்சிய மணலில் ஏழு மேடுகள், பாதைக்குக் கோலமாவு, வெள்ளை விநாயகர் கோயிலுக்கு ஒரு செங்கல் துண்டு, கைதட்டிச் சுனைக்கு ஒரு மூடி. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். விளக்கி முடித்ததும் "புரிந்ததா?" என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் புரிந்தது என்ற ஒரு பதில்தான் வரும். பின்னால் நின்ற, அறுபதை நெருங்கும் ஒருவரை அழைத்து, "மூன்றாவது மலையில் உங்களோடு ஜோடியாக ஏறுபவருக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்வீர்கள்?" என்றேன். "தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் உட்காரவைத்து, மெதுவாக மேலே அழைத்துப் போவேன்" என்றார் அவர்.

அன்பான பதில், ஆபத்தான பதில். அடுத்த அடியை மேலே வைக்கக் கூடாது, உட்காரவைக்க வேண்டும், கடைசியில் வருபவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அடிவாரத்துக்கும் 108-க்கும் தகவல் போக வழி செய்ய வேண்டும். இதையே அவர் வாயால் மறுபடி சொல்லவைத்தோம். பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருவராகச் சொல்லவைத்தோம். நேரம் பிடித்தது, பிடிக்கட்டும்.

கடைசியில் வருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலுவான இளைஞர்களை முன்னால் விடுவது நம் வழக்கம். மிகவும் தெம்பானவர், நிதானமானவர் கடைசியில் வர வேண்டும். மெதுவாக நடப்பவர் வழிநடத்துபவருக்கு அடுத்து நடக்க வேண்டும். அவர் வேகமே குழுவின் வேகம். அனைவரும் இருவர் இருவராக. தலைகளை எண்ண இடங்கள் முன்பே குறிக்கப்பட வேண்டும். பிரிந்துபோனவர் தேடி அலையாமல் கடைசியாக எண்ணிய இடத்திலேயே காத்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் செல்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. நோயாளியோடு தலைவரே இறங்க நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பதும் ஆணையில் பெயரோடு இருக்க வேண்டும்.

எதிரியின் முதன்மைப் படையை முதன்முறை சந்தித்த பிறகு எந்தத் திட்டமும் உறுதியாக நிற்பதில்லை என்று எழுதியவர் பிரஷ்யத் தளபதி மோல்ட்கே. திட்டமே வேண்டாம் என்பதற்கு இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. அவரோ வாழ்நாள் முழுதும் திட்டமிட்டவர். நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லி, வழியைக் களத்தில் இருப்பவரிடம் விட்டார்.

ராணுவத்திலிருந்து கொண்டுவரக் கூடாததும் உண்டு. போரில் ஒரு தளபதி சிப்பாயின் உயிரைப் பணயம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. மலையில் எந்தக் குழுத் தலைவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இறங்குவதா?" என்று ஒருவரைச் சீண்டுவதும், பின்தங்கியவரைக் கேலி செய்வதும் எந்தப் பயிற்சியிலும் சேராது.

சின்ன ரோந்து முடிந்தாலும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கலைவோம். பூண்டியில் பஸ் ஏறுவதற்கு முன் குழுக்களையும் அப்படி உட்காரவைக்கிறேன். வயதில் இளையவரை முதலில் பேசச் சொல்வேன். பெரியவர் பேசிவிட்டால் பிறகு எவரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கியது, டார்ச் பாதி வழியில் அணைந்தது, கைத்தடியைச் சுமை என்று விட்டுவிட்டுப் போனேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவை அடுத்த குழுவின் வார்னிங் ஆர்டரில் ஏறிவிடும்: ஒவ்வொருவருக்கும் கைத்தடி, ஆளுக்கொரு டார்ச், மாற்று பேட்டரி.