சரக்கு லிஃப்ட்: எடை எங்கே போய் இறங்குகிறது?

பெங்களூரு சிக்பேட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்பவர் கேட்கும் 'ஒரு டன் லிஃப்ட்' வேறு. பக்கத்து அவென்யூ ரோட்டில் காகிதம் விற்பவர் கேட்கும் 'ஒரு டன் லிஃப்ட்' வேறு. துணி மூட்டை இடத்தை அடைக்கும், எடை அவ்வளவாக ஏறாது. காகிதம் அப்படியில்லை. ஏ4 ரீம் ஒன்று சுமார் 2.3 கிலோ. ஒரு டன் காகிதத்தை ஒரு மீட்டர் நீள அகலத்தில் அடுக்கினால் 1.3 மீட்டர் உயரம்தான் வரும். பெரிய கேபினாக இருந்தால் பாதி இடம் காலியாகத் தெரியும். கடைப் பையன்கள் சும்மா விடுவார்களா, இன்னும் பத்துப் பெட்டி ஏற்றுவார்கள். துணிக்கடைக்கு அகலமான கேபின் வேண்டும். காகிதக்கடைக்கு அகலத்தைக் குறைத்து, தாங்கும் எடையைக் கூட்டுவதுதான் நல்லது.

சரி, தூக்குவது எப்படி? முதல் வகையில் கேபின் எஃகு வடத்தில் தொங்குகிறது. வடத்தின் மறுமுனையில் எதிர்எடை. இது காலிக் கேபினின் எடையோடு, ஏற்றக்கூடிய சரக்கில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்த அளவுக்கு இருக்கும். ஆகவே ஒரு டன் ஏற்றினாலும் மோட்டார் தூக்குவது வித்தியாசமான 500 கிலோவை மட்டுமே. நொடிக்கு அரை மீட்டர் வேகத்துக்கு, உராய்வு இழப்பைத் தவிர்த்தால், சுமார் 2.5 கிலோவாட் போதும். வேடிக்கை என்னவென்றால், காலிக் கேபின் கீழே இறங்கும்போதும் மோட்டார் உழைக்கத்தான் வேண்டும். அப்போது மேலே ஏறுவது எதிர்எடை.

மின்சாரம் மிச்சம்தான். ஆனால் கேபின், சரக்கு, எதிர்எடை எல்லாம் கட்டடத்தின் உச்சியில் உள்ள உத்தரத்தில்தான் வழக்கமாகத் தொங்குகின்றன. சிக்பேட்டையின் பழைய கட்டடம் அதைத் தாங்குமா என்பதை லிஃப்ட் விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வகை ஹைட்ராலிக். சர்வீஸ் நிலையத்தில் காரைத் தூக்கி நிறுத்துகிறதே, அதே பாஸ்கல் விதி. பம்ப் எண்ணெயை சிலிண்டருக்குள் அழுத்துகிறது, தண்டு மேலே வருகிறது. கேபினும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்றால், அதை நேரடியாகத் தாங்கும் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கிலோ அழுத்தம் போதும். இறங்கும்போது பம்ப் ஓடாது. வால்வு திறந்தால் தன் எடையிலேயே இறங்கும். சுமை முழுவதும் தண்டு வழியாகக் கீழே உள்ள குழியின் தளத்துக்குப் போய்விடுகிறது. சுவருக்கு வருவது பெரும்பாலும் பக்கவாட்டு விசைதான். எதிர்எடை பொதுவாக இல்லாததால் ஏறும்போது மோட்டார் மொத்த எடையையும் தூக்கவேண்டும். ஓயாமல் ஓட்டினால் எண்ணெய் சூடாகும். நாலைந்து மாடிக்கு மேல் இது சரிப்படாது. பழைய கட்டடம், மூன்று மாடி, ஒரு நாளைக்குச் சில நடைகள் என்றால் நான் ஹைட்ராலிக் பக்கம்தான்.

வேகத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். 12 மீட்டர் ஏற, நொடிக்கு கால் மீட்டர் வேகத்தில் 48 நொடி ஆகும். சரக்கை ஏற்றி இறக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

யாரும் அதிகம் யோசிக்காதது வாசல்படி. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குள் பேலட் டிரக்கில், அதாவது சரக்குப் பலகையைத் தூக்கி உருட்டும் கைவண்டியில், 800 கிலோ வார்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது லிஃப்ட் கேபினுக்குள் நுழையும் அந்தக் கணத்தில் எடை நடுவில் இல்லை. முன்சக்கரம் வழியாகக் கேபினின் ஒரு விளிம்பில் அழுத்துகிறது. கேபின் சாயப் பார்க்கும். சாயவிடாமல் பிடிப்பவை இருபுறமும் உள்ள கைடு ரெயில்கள்தான். கூடவே வடம் சற்று நீள்கிறது, அல்லது எண்ணெய் சற்று அமுங்குகிறது. கேபின் சில மில்லிமீட்டர் தாழ்கிறது, சின்னச் சக்கரம் படியில் மாட்டிக்கொள்கிறது. அமெரிக்க லிஃப்ட் விதிகள் இதனால்தான் சாதாரண சரக்கு லிஃப்டில் ஒற்றைப் பொருளோ, ஒரு கைவண்டியும் அதன் சுமையுமோ மொத்தத் திறனில் கால்பங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு டன் லிஃப்டுக்கு 250 கிலோ. ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகும் என்றால் வேறு வகை லிஃப்டே வேண்டும். ஒன்றரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே இரண்டரை டன்னைத் தாண்டும்.

1854இல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் கூட்டத்தின் முன் மேடையில் ஏறி நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்று இறங்கி நின்றுவிட்டது. இன்றைய லிஃப்டுகளில் வேகம் எல்லை மீறினால் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆப்புகளை இழுக்கிறது, அவை ரெயிலைக் கவ்விப் பிடிக்கின்றன. சிலிண்டர் நேரடியாகத் தூக்கும் லிஃப்டில், குழாய் வெடித்தால் எண்ணெய் பாய்வதை நிறுத்தும் வால்வு உண்டு. சங்கிலியால் சுமை தூக்கும் செயின் ஹாய்ஸ்டில் ஒரு கூண்டைக் கட்டி 'சரக்கு லிஃப்ட்' என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆள் ஏறமாட்டார் என்ற கணக்கில் விற்கிறார்கள், ஆனால் மூட்டையோடு ஆளும் ஏறிவிடுகிறார்.

கர்நாடகத்தில் லிஃப்டுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. லிஃப்ட் அமைக்க அனுமதி, ஓட்ட உரிமம் இரண்டும் தேவை. கவனிப்பது மின் ஆய்வுத் துறை. விலைப்பட்டியலில் அந்த வேலை யார் பொறுப்பு என்றும், வாசல்படி எவ்வளவு தாங்கும் என்றும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.