தங்கக் கலர் மூட்டு தேயாதா?

மதுரை மேலூர் ரோட்டுப் பக்கம் மூட்டு மாற்று ஆபரேஷன் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள், தங்கக் கலரில் பளபளவென்று ஒரு செயற்கை முழங்கால். "ஜவ்வு தேஞ்சுபோச்சு, தங்க மூட்டு போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லையாமே" என்று கேட்கிற பெரியவர்களும் நிறைய. அதில் தங்கம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. உலோகத்தின் மேல் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்கு ஏற்றிய டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, அதன் இயல்பான நிறமே அதுதான்.

சரி, பூச்சு எதற்கு? செயற்கை மூட்டு உடைந்துபோவது அபூர்வம், தொல்லை தூளில் இருக்கிறது. தொடை எலும்பு முனையில் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம், கீழே கால் எலும்பில் ஒரு உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். நடக்க நடக்க அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உதிரும். நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது, கடுப்பாகி ரசாயன சமிக்ஞைகளை வெளியிடும், அதைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையை ஆரம்பித்துவிடும். மூட்டு நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் எலும்புதான் அரிக்கப்பட்டு, மூட்டு ஆடத் தொடங்கும்.

இதை உலகத்துக்குக் கஷ்டப்பட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி. 1958 வாக்கில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான், ஆமாம், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே சரக்கு. வழுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சில வருஷத்திலேயே தேய்ந்து தூளாகி, சுமார் 300 பேருக்குப் பொருத்தியது வீணானது. மனிதர் டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார், கட்டி கட்டியாக வீங்கியது! 1962-ல் அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் பாலிஎத்திலீன் துண்டைத் தேய்மான எந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. வழுக்கினால் மட்டும் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம், கடினமான பூச்சு போட்டால் போதுமே என்று தோன்றும். 1990-களில் வைரம் போன்ற கார்பன் பூச்சை இடுப்பு மூட்டின் பந்தில் போட்டுப் பார்த்தார்கள். முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது, எட்டு வருஷம் தாண்டியபோது பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள், அவை வழியே உடல் திரவம் இறங்கி, பூச்சை உலோகத்தோடு ஒட்டவைத்திருந்த சிலிக்கான் அடுக்கை அரித்தது, சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உப்பி உரிவதுபோல மேலே இருந்தது பெயர்ந்தது. பெயர்ந்த சில்லு எவ்வளவு கடினமோ அவ்வளவு மோசமாகப் பிளாஸ்டிக்கைக் கீறும். அதனால் இந்தத் துறையில் முதல் கேள்வி, பூச்சு எவ்வளவு கெட்டி என்பதல்ல, எவ்வளவு ஒட்டும் என்பதுதான்.

எனக்குப் பிடித்த தீர்வு, பூசாமலே பூச்சு வரவழைப்பது. சிர்கோனியம்-நியோபியம் கலவையைக் காற்றில் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கினால், மேற்பரப்பே ஆக்சிஜனைக் குடித்து 5 மைக்ரான் கறுப்புப் பீங்கானாக மாறும். வெளியிலிருந்து ஒட்டியது இல்லை என்பதால் சுலபத்தில் உரியாது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், இதற்கு 76,600 ரூபாய், இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி.

எலும்பைத் தொடும் பக்கத்தில் கதையே வேறு. அங்கே வழுக்கக் கூடாது, பிடிக்க வேண்டும். எலும்பிலுள்ள கனிமத்தின் உறவான ஹைட்ராக்ஸிஅபடைட் தூளைப் பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுச் சுடரில் உருக்கி உலோகத்தின் மேல் தெளிப்பார்கள், எலும்பு அதன்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ரொம்பத் தடிமனாகத் தெளித்தால் விரிசல் விடும்.

தங்கக் கலருக்கு வருவோம். உலோக அயனிகள் (மின்னூட்டம் பெற்ற நுண்ணிய உலோக அணுக்கள்) கசிவதை அது ஆய்வகச் சோதனைகளில் குறைக்கிறது, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. ஆனால் சாதாரண மூட்டைவிட நெடுநாள் உழைக்கும் என்பதற்கு நோயாளிகளிடமிருந்து உறுதியான ஆதாரம் கிடையாது. 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வில் முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்கியிருந்தன, அவையெல்லாம் தங்கப் பூச்சு அலை வருவதற்கு முந்தைய காலத்தவை. ஆகவே டாக்டரிடம் கலரை விசாரிப்பதைவிட, நடுவில் வைக்கப்போகும் பிளாஸ்டிக் குறுக்குப் பிணைப்பு செய்யப்பட்டதா (அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது), நாளடைவில் ஆக்சிஜனால் கெடாமலிருக்க வைட்டமின் ஈ கலந்ததா என்று கேளுங்கள், தூளைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.