ஒதுக்கினீர்களா, கொடுத்தீர்களா?

தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவது என் தொழில். ஒருமுறை வெள்ள நிவாரண அறிக்கை ஒன்று, என்னிடம் வருவதற்கு முன்பே வெளிநாட்டுக்குப் போய்விட்டது. 400 குடும்பங்களுக்கு அரிசியும் போர்வையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள். அறிக்கையில் மட்டும் 'அலோகேட்டட்', அதாவது ஒதுக்கப்பட்டது, என்று எழுதியிருந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: "சரி, எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?" முழங்கால் தண்ணீரில் மூட்டை சுமந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும்!

தமிழில் 'ஒதுக்கு' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். நிதி ஒதுக்குகிறோம், வீடு ஒதுக்குகிறோம், சின்னம் ஒதுக்குகிறோம். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. இந்தப் பணம் இந்தக் காரியத்துக்கு என்று முடிவு செய்வது அலோகேட். பணம் இன்னும் கைமாறியிருக்க வேண்டியதில்லை. இன்னாருக்கு இன்ன பங்கு என்று குறித்துக் கொடுப்பது அலாட். அதற்குள் இருக்கும் 'லாட்' குலுக்கல் சீட்டைக் குறிக்கும் சொல். குலுக்கலில் மனை விழுவதை நினைத்துக்கொண்டால் மறக்காது. தேர்தல் ஆணையத்தின் 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் பெயரிலும் 'அலாட்மென்ட்'தான் இருக்கிறது. வேலையையும் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்தால் அசைன். பலர் கையில் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டிஸ்ட்ரிபியூட். அதுவே நிதியாக இருந்து, கணக்கிலிருந்து வெளியே போயிருந்தால் டிஸ்பர்ஸ் (disburse). நான் திருத்தும்போது ஓரத்தில் எழுதுவது ஒரே கேள்விதான்: பொருள் இப்போது யார் கையில்?

நான் அதிகம் திருத்துவது வேறொரு வாக்கியத்தை. 'ஸ்டூடன்ட்ஸ் வேர் டிஸ்ட்ரிபியூட்டட் புக்ஸ்.' 'மாணவர்களுக்கு' என்பதில் உள்ள 'கு' ஆங்கிலத்துக்குப் போகும்போது உதிர்ந்துவிட, மாணவர்களையே பிரித்துக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. கிவ் என்ற வினையில் இந்த அமைப்பு சரி: 'ஸ்டூடன்ட்ஸ் வேர் கிவன் புக்ஸ்.' அலாட், அசைன் இரண்டும் இதற்கு இடம் கொடுக்கும். 'ஈச் ஃபேமிலி வாஸ் அலாட்டட் எ பிளாட்' என்று தாராளமாக எழுதலாம். டிஸ்ட்ரிபியூட்டும் டிஸ்பர்ஸும் இடம் கொடுக்காது. அங்கே பொருள்தான் முன்னால் வரவேண்டும்: 'புக்ஸ் வேர் டிஸ்ட்ரிபியூட்டட் டு ஸ்டூடன்ட்ஸ்.'

எழுத்துப் பிழையும் ஒன்று உண்டு. அலாட்டட் என்பதில் 'டி' (t) எழுத்து நடுவில் இரண்டு வரும். அலாட்மென்ட்டில் 'எம்' எழுத்துக்கு முன் ஒன்றுதான்.

அப்புறம் இந்த 'சாங்ஷன்'. நம் அலுவலகங்களில் கடன் சாங்ஷன் ஆனால் இனிப்பு கொடுக்கிறோம். வெளிநாட்டு வாசகருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பொருளாதாரத் தடைதான் முதலில் நினைவுக்கு வரும். அவர்களுக்கு எழுதும்போது 'அப்ரூவ்ட்' என்று போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புரியும்.