மஞ்சள் பையில் பி.வி.சி. போகக் கூடாது: மருத்துவக் கழிவு விதியின் குளோரின் கணக்கு

2016 மார்ச் 28-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பலருக்கும் வார்டுச் சுவரில் ஒட்டிய நிற சார்ட்டாகத்தான் பழக்கம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். தொற்று பரவாமல் இருக்கத்தான் இந்தப் பிரிப்பு என்று நினைப்பதில் தவறில்லை, ஆனால் அது பாதிதான். கழிவை எரிக்கும் அடுப்பான இன்சினரேட்டருக்குள் குளோரின் போகாமல் தடுப்பது மறுபாதி.

பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும். கூடவே, அரைகுறையாக எரிந்த கரியிலிருக்கும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களில் (சுருக்கமாக பிஏஎச்) குளோரின் ஏறிக்கொள்ளும். 1-குளோரோபைரீன், 6-குளோரோபென்சோபைரீன் போன்றவை இப்படி உண்டாகி, புகைக்கரியின் நுண்துகளில் ஒட்டிக்கொண்டு ஊர்க்காற்றில் கலக்கின்றன. ஜப்பானிய நகரங்களின் காற்றுத்துகளில் இவற்றை அளந்திருக்கிறார்கள். டையாக்சின், ஃபியூரான் என்ற கொடிய நச்சுகளும் இதே அடுப்பில் பிறப்பவைதான்.

இந்தியாவின் 2009 காற்றுத்தர வரையறையில் பிஏஎச்களில் ஒன்றான பென்சோபைரீனுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 1 நானோகிராம் என்ற எல்லை உண்டு. குளோரின் ஏறிய பிஏஎச்சுக்கு எல்லை எதுவும் இல்லை. ஆகவே காற்றில் பிடிக்க முடியாததைப் பையிலேயே பிடிக்க வேண்டியிருக்கிறது.

எரிக்கப் போவது மஞ்சள் பை. உடல் உறுப்புக் கழிவு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து ஆகியவை அதில் போகும். ஐ.வி. செட், கதீட்டர், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை எல்லாம் சிவப்பு. சிவப்புப் பை எரிக்கப்படுவதில்லை. ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் வெந்து, துண்டுதுண்டாக நறுக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகிறது. வழக்கமான தவறு ஒன்று: ரத்தக்கறை பட்ட டிரிப் குழாயைப் பார்த்ததும் ‘ரத்தம்தானே’ என்று மஞ்சளில் போடுவது. கறையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பொருளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, வாடை வராமல் இருக்க மஞ்சள் பைக்குள் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினியைத் தெளிப்பது. எரிக்கப்போகும் கழிவுக்குக் குளோரின் கிருமிநாசினி போடவே கூடாது என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. வாடைக்கு மருந்து நேரத்தோடு வண்டி ஏற்றுவதுதான்: சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க விதி அனுமதிப்பதில்லை.

பையே பி.வி.சி.யாக இருந்தால் பிரித்தும் பயனில்லை. குளோரின் கலந்த பைகளையும் கையுறைகளையும் 2019 மார்ச் 27-க்குள் கைவிட வேண்டும் என்று 2018 திருத்தம் கெடு வைத்தது. ரத்தப் பைக்கு மட்டும் விலக்கு. இதில்தான் விதி தன் காலில் தானே இடறுகிறது என்பது எங்கள் கருத்து: ரத்தப் பைகள் பெரும்பாலும் பி.வி.சி.; அவை சேரும் இடமோ, கிருமிநீக்கம் செய்த பிறகு, மஞ்சள்.

வாங்கிய பை பற்றிச் சந்தேகமா? ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கி, ஒட்டிய காற்றுக்குமிழை உதறிவிடுங்கள். பாலித்தீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். அடுத்து, செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, தீயில் நிறம் ஏதும் தெரியாத வரை சுட வேண்டும். சூட்டோடு பையில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், குளோரின் இருக்கும் பட்சத்தில் பச்சைச் சுடர் எழும். திறந்த வெளியில், மிகச் சிறு துண்டில் மட்டும் செய்யுங்கள். அந்தப் புகையும் நஞ்சுதான். கையுறைக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பவுடர் இல்லாத லேட்டெக்ஸ், நைட்ரைல் கையுறைகள் பலவற்றின் மேற்பரப்பைத் தொழிற்சாலையிலேயே குளோரினில் பதப்படுத்துவதால், பி.வி.சி. இல்லாமலே பச்சை காட்டலாம்.

இனி அடுப்பு. முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி செல்சியஸ், இரண்டாவதில் 1,050 (50 கூடக்குறைய), அங்கே வாயு தங்கும் நேரம் 2 நொடி. புகைபோக்கி குறைந்தது 30 மீட்டர். துகள் எல்லை ஒரு கனமீட்டருக்கு 50 மில்லிகிராம். டையாக்சின், ஃபியூரான் இரண்டுக்கும் சேர்த்து நச்சுச் சமமதிப்பில் (ஒவ்வொன்றின் நச்சுத்தன்மையையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கூட்டிய அளவு) 0.1 நானோகிராம். சூடு சரியாக இருந்தாலும் ஓர் இடத்தில் கோட்டை விடலாம்: வெளியேறும் புகை சுமார் 450-இலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் வழியில் மெதுவாக ஆறினால், சாம்பலிலுள்ள கரியும் செம்பும் குளோரினும் சேர்ந்து டையாக்சினை மறுபடி உருவாக்கும். அதனால்தான் தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று ஆற வைக்கிறார்கள். அடுப்பு சூடேறும் முன் கழிவைக் கொட்டுவதும், ஈரக் கழிவை ஒரேயடியாகத் திணிப்பதும் கரும்புகைக்கு நேர்வழி.

புகைபோக்கியில் பொருத்திய ஆன்லைன் கருவி டையாக்சினை அளப்பதில்லை. அதற்கு ஆண்டுக்கு ஒரு சோதனைதான். 8 மணி நேரம் அல்லது 5 கனமீட்டர், எது அதிகமோ அதுவரை மாதிரி எடுக்க வேண்டும். பல மருத்துவமனைகளின் கழிவைக் கையாளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகில் குடியிருப்போர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். ‘அறிக்கை இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும். கடைசி டையாக்சின் அறிக்கையின் நகல், மாதிரி எடுத்த தேதி, அன்று ஏற்றிய கழிவின் கிலோ கணக்கு, இரண்டாம் அறையின் அன்றைய வெப்பப் பதிவு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கான கெடு 30 நாள். அன்றைய கிலோ கணக்கு வழக்கமான நாளைவிட மிகக் குறைவாக இருந்தால், சோதனைக்காகவே அடுப்பில் கழிவைக் குறைத்திருக்கலாம்; அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துப் பதிவேட்டை அடுத்த மனுவில் கேட்கலாம்.