ஈட்டியை உருவாதீர்கள்

ஆதி உலகத்தில் போய் மாட்டிக்கொள்ளும் சாகச நாவல்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன டைனோசரையும், தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகளே ஆன மனிதனையும் ஒரே காட்டில் ஓடவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன். கதைதானே. ஆனால் காயம்பட்ட நாயகன் தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குக் கவலை தருகிறது. டைனோசர் நம்மைத் துரத்தப் போவதில்லை. கம்பி குத்துவது நாளைக்கே நடக்கலாம், அந்தப் பதற்றத்தில் எங்கோ படித்ததும் பார்த்ததும்தான் சட்டென்று நினைவுக்கு வரும்.

அடிக்கடி வரும் காட்சி இது. தொடையில் ஈட்டி பாய்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் உருவி எறிகிறான். அடுத்த பத்தியிலேயே எழுந்து ஓடுகிறான். உண்மையில், குத்திய பொருளே கிழிந்த ரத்தக் குழாயை உள்ளிருந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். உருவினால் அந்த அடைப்பு போய்விடும். தொடையின் பெரிய தமனி அறுந்திருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டிய துணியெல்லாம் நனைந்து சொட்ட வருபவர்கள் உண்டு. “உள்ளேயே இருந்தா ஆபத்துன்னு நெனச்சோம்” என்பார்கள். பாவம், நல்லதென்று நினைத்துத்தான் செய்கிறார்கள்.

குத்தியது குத்தியபடியே இருக்கட்டும். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அணை கொடுத்து, அசையாமல் கட்டி, அப்படியே அழைத்து வாருங்கள். ஸ்கேன் பார்த்து, ஏற்ற ரத்தமும் தயாராக வைத்துக்கொண்டு, அறுவை அரங்கில்தான் நாங்களே அதை எடுப்போம். எதுவும் குத்தி நிற்காத வெட்டுக்காயம் என்றால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் தூக்கிப் பார்க்காமல், 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று.

அப்புறம், காய்ச்சிய கத்தியால் காயத்தைச் சுடும் காட்சி. சுட்ட சதை செத்த சதை. கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. துப்பாக்கிக் காயங்களில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவது ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வழக்கமாக இருந்தது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ரோஸ் பாரே, 1537 வாக்கில் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோகவே, முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், இந்தக் கலவை தடவப்பட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் வீக்கத்திலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அந்த வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். நாவல்கள் இன்னும் விடவில்லை.

பாம்புக்கடியைக் கீறி வாயால் உறிஞ்சுவதும் இதே ரகம். விஷம் வெளியே வராது, புண்தான் பெரிதாகும். கடிபட்ட கை, காலை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சரி, அந்தக் காலத்தில் காயம்பட்டவர்கள் எப்படித்தான் பிழைத்தார்கள்? போர்னியோ தீவின் லியாங் தெபோ குகையில் கிடைத்த எலும்புக்கூட்டைப் பற்றி 2022-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுமார் 31,000 ஆண்டுகளுக்கு முன், சிறு வயதிலேயே இடது காலின் கீழ்ப்பகுதி அகற்றப்பட்ட ஒருவர். அதன் பிறகும் 6 முதல் 9 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். வெட்டிய எலும்பு சீழ் பிடித்த அடையாளமின்றி ஆறியிருக்கிறது. மலைப்பாங்கான அந்த இடத்தில் ஒற்றைக் காலோடு ஒரு குழந்தை தனியாகப் பிழைத்திருக்க முடியாது. யாரோ ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள், புண்ணைக் கழுவியிருக்கிறார்கள், மாதக்கணக்கில் சோறு தண்ணீர் கொடுத்துத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சாகசம் தெரியவில்லை.

இந்த வகை நாவல் எழுதுபவர்களிடம் ஒரு விண்ணப்பம். வேட்டையை ஐந்து பக்கம் எழுதுங்கள், அதற்குப் பிந்தைய பத்து நாட்களையும் எழுதுங்கள். காயக் காட்சிகளை அச்சுக்கு அனுப்பும் முன் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். என்னிடம் கொடுத்தால் அன்றிரவே படித்துச் சொல்வேன்.