*வ்ரீட்டன: கீறலில் பிறந்த எழுத்து

ஆங்கிலத்தின் 'ரைட்' (write) எழுதுவதைக் குறிக்கும். ஜெர்மனின் 'ரைஸ்ஸன்' கிழிப்பது. சுவீடியத்தின் 'ரீட்டா' படம் வரைவது. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான். இம்மொழிகளுக்கெல்லாம் பொது மூதாதையான மூல ஜெர்மானிய மொழியின் *வ்ரீட்டன என்ற வினைச்சொல்லே அவற்றின் தாய். முன்னால் நிற்கும் உடுக்குறி (*), இந்த வடிவம் எந்த ஏட்டிலும் அப்படியே கிடைக்கவில்லை, வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டது என்பதைக் காட்டும்.

பொருள்: கீறு, செதுக்கு.

மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் ரூன் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்துகளைக் கத்தியாலோ உளியாலோ கீறிய மக்களுக்கு, கீறுவதும் எழுதுவதும் ஒரே கைவேலை. தென் சுவீடனின் பிளெக்கிங்கே பகுதியில் கிடைத்த இஸ்தாபி நடுகல்லில் இந்தச் சொல்லின் இறந்தகால வடிவமே இருக்கிறது. ஹரிவுல்ஃப் என்பவரின் நினைவாக ஹதுவுல்ஃப் இந்த ரூன்களை 'வரைட்', அதாவது பொறித்தான், என்கிறது அது. மீட்டெடுத்த சொல் ஒன்றின் நெருங்கிய வாரிசை இப்படிக் கல்லிலேயே படிக்க முடிவது பெரும் பேறு.

பிறகு கிளைகள் பிரிந்தன. ஜெர்மனில் முதல் வகரம் உதிர்ந்தது, டகரம் ஸகரமானது. ஆங்கில 'வாட்டர்' அங்கே 'வாஸர்' ஆவதும் இதே விதியால்தான். ஆங்கிலமோ ஒலிப்பில் விட்ட வகரத்தை எழுத்துக்கூட்டலில் இன்றும் வைத்திருக்கிறது. எழுதுவதற்கு ஜெர்மனும் டச்சும் சுவீடியமும் இலத்தீனின் 'ஸ்க்ரீபெரே'யைக் கடன் வாங்கிக்கொண்டன. அதனால் ஜெர்மனில் பழைய சொல்லிடம் கிழித்தல் என்ற பொருளே தங்கியது. ஆனாலும் 'உம்ரிஸ்' (புறக்கோடு), 'குருண்ட்ரிஸ்' (கட்டட வரைபடம்) ஆகியவற்றில் பழைய கோடு தெரிகிறது. ஐஸ்லாந்தியம் 'ரிட்டா'வை எழுதுவதற்கே வைத்துக்கொண்டது. அங்கே செயலாளர் 'ரிட்டாரி'.

தமிழில் நிகர் என்ன? 'எழுது' முதலில் நினைவுக்கு வரும். ஓவியம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல் (குறள் 1285) என அதற்கும் தீட்டும் பொருள் உண்டு. ஆனால் கிழிக்கும் பொருள் இல்லை. என் தேர்வு 'கீறு'. நகத்தால் கீறுகிறோம், துணியைக் கீறுகிறோம், யாழ்ப்பாணத்தில் படமும் கீறுகிறார்கள். தென்னங்கீற்றும் ஒளிக்கீற்றும் இதன் பிள்ளைகளே. *வ்ரீட்டன, 'கீறு' ஆகிய இரண்டு சொற்களுக்கும் உறவு கிடையாது. கூர்முனை ஒரு பரப்பில் படும் அனுபவம் இரு மொழிகளையும் தனித்தனியே ஒரே வழியில் நடத்தியிருக்கிறது, அவ்வளவே. ரூன் கல்வெட்டு வாசகங்களை மொழிபெயர்க்கும் இடத்தில் மட்டும் 'பொறித்தான்' என்பதே சரி. நம் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது நாவில் வருவதும் அதுதான்.